கோட்டைக்கு வெளியே – 17: ஆவூரை ஏன் தேர்ந்தார்கள்?

சென்ற வாரம் ஓரியூரில் நிறுத்தியிருந்தோம். 1693 பிப்ரவரி 4. சேதுநாட்டின் கிழவன் சேதுபதி காலத்தில், அருளானந்தர் என்று தமிழ் மக்கள் அழைத்த போர்த்துகீசியத் துறவி ஜான் டி பிரிட்டோ தலை வெட்டிக் கொல்லப்பட்ட நாள். அதற்கு முந்தைய வாரங்களில், மதுரை நாயக்கர்களின் தலைநகரம் சொக்கநாதர் காலத்தில் திருச்சிக்கு நகர்ந்ததையும், 1686-இல் ரகுநாதராயத் தொண்டைமான் புதுக்கோட்டைக்கு அதிபதியானதையும், 1689-இல் பேரனுக்காக ராணி மங்கம்மாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதையும் பார்த்தோம்.

ஓரியூருக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1697-இல், அதே சேசு சபையைச் சேர்ந்த இன்னொரு துறவி ஒரு சிற்றூரில் கோயில் எழுப்பினார். ஊரின் பெயர் ஆவூர். துறவியின் பெயர் ஜான் வெனான்சியுஸ் பூஷே. அந்த ஊரில் அரண்மனை இல்லை, கோட்டை இல்லை, ஆறும் இல்லை. இருந்தும் மதுரை மிஷனின் முக்கியமான இருப்பிடங்களில் ஒன்றாக அது உயர்ந்தது.

ஏன் ஆவூர்?

*

இந்தக் கேள்விக்குப் போகுமுன் ஒரு தேதியைச் சரிசெய்தாக வேண்டும். புதுக்கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கான சுற்றுலாக் குறிப்புகளில் ஆவூரைப் பற்றி இரண்டு மூன்று வரிகள் இருக்கும். பழைய சிற்றாலயத்தை 1547-இல் பூஷே கட்டினார், புதிய கோயில் 1747-இல் எழுந்தது, வீரமாமுனிவர் இங்கே பணியாற்றினார், ஈஸ்டரை ஒட்டிய பாஸ்காவும் தேரும் பிற சமயத்தாரையும் ஈர்க்கும் என்பவைதான் அந்த வரிகள். கடைசி மூன்று செய்திகளில் தவறில்லை. முதல் செய்தியில் இருக்கும் ஆண்டு மட்டும் நிற்காது. பூஷே பிரான்சில் பிறந்ததே 1655-இல்தான். பிறப்பதற்கு நூற்றெட்டு ஆண்டுகள் முன்பு யாரும் கோயில் கட்ட முடியாது. அவர் சேர்ந்திருந்த சேசு சபை 1540-இல்தான் ரோமில் முறைப்படி அங்கீகாரம் பெற்றது. மதுரை மிஷன் என்ற அமைப்பு, ராபர்ட் டி நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்த பிறகு பிறந்தது. 1547-இல் தென்தமிழகத்தில் கத்தோலிக்கப் பணி முத்துக்குளித்துறைக் கடற்கரையோடு நின்றிருந்தது. புதுக்கோட்டைச் சீமையின் பொட்டல் வெளிக்கு அது ஏறி வர இன்னும் பல தலைமுறை ஆக வேண்டியிருந்தது. 1747 என்ற எண்ணில் ஓர் இலக்கம் புரண்டு 1547 ஆகியிருக்கலாம் என்பது என் ஊகம். ஒருமுறை அச்சேறிய எண் அதற்குப் பிறகு பலகைக்குப் பலகை, கையேட்டுக்குக் கையேடு தொற்றிக்கொண்டு போகும்.

அச்சுப்பிழைதானே, விட்டுவிடலாமே என்று தோன்றலாம். விட முடியாது, ஏனென்றால் ஆண்டு மாறும்போது கதையே மாறுகிறது. 1547 என்று படித்துவிட்டு ஆவூருக்குப் போகிறவர், போர்த்துகீசியக் கப்பல்களோடும் பிரான்சிஸ் சவேரியாரோடும் அந்தக் கோயிலைச் சேர்த்து நினைப்பார். கடலிலிருந்து வந்த அதிகாரத்தின் ஒரு துளியாகத்தான் அது அவர் கண்ணுக்குத் தெரியும். 1697 என்று தெரிந்து போகிறவர் பார்ப்பது வேறு ஓர் உலகம். அங்கே ஐரோப்பியக் கொடி எதுவும் பறக்கவில்லை. திருச்சியில் மங்கம்மாள், தஞ்சையில் மராட்டிய மன்னர் சாகஜி, இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி, புதுக்கோட்டையில் தொண்டைமான் என நான்கு உள்நாட்டு அதிகாரங்கள் ஒன்றையொன்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த நால்வருக்கு நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறவி தன் கோயிலுக்கு இடம் தேடினார். ஆவூரின் பொருள் அந்தத் தேடலில்தான் இருக்கிறது.

(கும்பகோணம் பக்கத்தில் இன்னோர் ஆவூர் உண்டு. பசுபதீச்சரம் இருக்கும் பாடல் பெற்ற தலம் அது. நாம் பேசுவது திருச்சிக்குத் தெற்கே, மாத்தூருக்கும் விராலிமலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருக்கும் ஆவூரைப் பற்றி.)

*

பூஷே கடலோரத் துறைமுகம் ஒன்றிலிருந்து நேராக இங்கே வந்தவரல்லர். 1687-இல் பிரெஞ்சு அரசரின் தூதுக்குழுவோடு சயாமுக்குப் போனார். அடுத்த ஆண்டே அங்கே ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற வேண்டிவந்தது. அந்தக் குழப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்தவர், பிறகு மதுரை மிஷனில் சேர்ந்தார். ஓர் அரசர் மனம் வைத்தால் என்ன நடக்கும், அந்த அரசர் விழுந்தால் என்ன நடக்கும் என்பதைச் சயாமில் கண்ணால் கண்ட மனிதர் அவர். ஓரியூரில் நடந்ததையும் அறிந்தவர். இந்த இரண்டு பாடங்களோடு அவர் திருச்சி அரசவையை அணுகிய விதத்தை, மிஷனரிகளின் கடிதங்கள் பதிவு செய்திருக்கின்றன. அந்தக் காட்சியை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

அப்போது திருச்சியில் மங்கம்மாளின் தளவாய் நரசப்பய்யா. படையும் வருவாயும் அவர் கையில். 1697-இல் திருவிதாங்கூர்மீதும் அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைமீதும் படை நடத்தியவர். அவரைப் பார்க்கப் பூஷே போனபோது ஐரோப்பியக் கறுப்பு அங்கியில் போகவில்லை. மதுரை மிஷன் துறவிகள் அதற்கு வெகுகாலம் முன்பே காவி உடுத்தி, மரப்பாதக்குறடு அணிந்து, சோறும் காய்கறியும் மட்டுமே உண்டு, இறைச்சியையும் மதுவையும் விலக்கி, இந்நாட்டுத் துறவிகளைப்போல வாழ்ந்துவந்தார்கள். பூஷே அந்தக் கோலத்தில்தான் தளவாயின் முன்னால் நின்றார். வெறுங்கையோடு போகவில்லை. கொண்டுபோன காணிக்கைகளில் கண்ணாடி வில்லைகள் இருந்தன, வேறு சில அரிய பொருட்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பூகோள உருண்டை இருந்தது. அதில் நாடுகளின் பெயரும் கடல்களின் பெயரும் தமிழில் எழுதப்பட்டிருந்தன.

இந்த உருண்டையைச் சற்றுக் கையில் எடுத்துப் பார்ப்போம். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில், ஐரோப்பாவில்கூட உலக உருண்டை என்பது அரசர்களும் அறிஞர்களும் வைத்திருந்த பொருள். அதை வாங்கிக் கொடுப்பது ஒரு மரியாதை. அதன்மேல் கடல் கடலாக, கரை கரையாகத் தமிழ் எழுத்தைப் பதித்துக் கொடுப்பது வேறு வகையான பேச்சு. பெறுகிறவர் தன் நாடு எங்கே என்று யாரையும் கேட்காமல் தானே படித்துக்கொள்ளலாம். கொடுத்தவர் இந்த மண்ணின் எழுத்தில் உழைத்திருக்கிறார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பூஷேவுக்கு நில அமைப்பில் உண்மையான ஆர்வம் உண்டு. தென்னிந்தியாவை அவர் வரைந்து அனுப்பிய வரைபடம் பிற்பாடு பிரான்சில் அச்சேறியது. ஆகவே அந்த உருண்டை வேடிக்கைப் பொருளாகத் தேடிப் பிடித்ததன்று. கொடுத்தவரின் மனம் தோய்ந்த பொருள். தளவாய் அவரை மதிப்போடு வரவேற்றார், பாதுகாப்பளிப்பதாக வாக்குக் கொடுத்தார், பல்லக்கில் ஏற்றி வாத்தியம் முழங்க நகரில் வலம்வரச் செய்தார் என்று அந்தக் கடிதங்கள் சொல்கின்றன.

தலைநகரத்து வீதியில் பல்லக்கு ஊர்வலம் கிடைத்த மனிதர், தன் கோயிலின் இருப்பிடமாக அந்தத் தலைநகரத்தைக் கொள்ளவில்லை. ஊர்வலம் முடிந்து அவர் திரும்பிய இடம் ஆவூர்.

*

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. ஆவூர் தலைநகரத்துக்கு வெளியே இருந்தது தற்செயலாக அமைந்ததன்று. வெளியே இருப்பதுதான் அதன் பலம். திருச்சிக் கோட்டையை அடைய அதிக நேரம் ஆகாது. ஆனால் கோட்டைக்குள் இல்லை. திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நாள், இரண்டு நாள் நடையில் இன்னோர் ஆட்சி எல்லை வரும். ஒரு பக்கம் கை ஓங்கினால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளலாம். இதை எல்லையோர ஊர்களில் வாழ்ந்த எளிய மக்கள் எப்போதும் அறிந்திருந்தார்கள். வரி தாங்காத குடியானவர் அடுத்த பாளையத்துக்குப் போய்விடுவதும், அவரைத் திரும்ப அழைக்கப் பாளையக்காரர் இறங்கி வருவதும் அந்தக் காலத்தின் வழக்கமான அரசியல். பூஷே செய்தது, குடியானவரின் அந்த அறிவைத் தன் கோயிலுக்குப் பயன்படுத்தியதுதான்.

சான்று கேட்டால், அடுத்த ஐந்தாண்டுகளே சொல்லும். 1701-இல் தஞ்சையில் சாகஜி ஆட்சியில் கிறித்தவர்கள்மீது கடுமையான ஒடுக்குமுறை நடந்தது. காவிரிப் பாசனத்தின் செழிப்பில் வளர்ந்திருந்த சபைகள் குலைந்தன. 1702-இல் இராமநாதபுரத்தோடு நடந்த போரில் தளவாய் நரசப்பய்யா களத்திலேயே மாண்டார். பல்லக்கு அனுப்பியவர் போனார். அவர் கொடுத்த வாக்கும் அவரோடு போனது. அதற்குச் சில ஆண்டுகளில் மங்கம்மாளின் ஆட்சியும் முடிந்தது. தஞ்சையின் வளமும் திருச்சியின் தயவும் ஆட்டம் கண்ட அதே காலத்தில், ஆவூர் மிஷனின் நடுநாயகமான ஊர்களில் ஒன்றாக நிலைபெற்றது. அரசவையின் ஆதரவு தேவைதான், ஆனால் அதன் வீச்சுக்குள்ளேயே குடியிருப்பது ஆபத்து என்ற கணக்கு சரியாகவே வந்திருக்கிறது.

நிலமும் இந்தக் கணக்குக்குத் துணை நின்றது. குளத்தூர், விராலிமலைப் பக்கத்து மண்ணைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். செம்மண், பாறைத் திட்டு, கருவேல முள், மழை பெய்தால் நிரம்பும் கண்மாய். காவிரித் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். படை நடத்துகிறவன் தேடுவது நெற்களஞ்சியத்தை. இங்கே அவன் கைக்குக் கிடைப்பது வரகும் கேழ்வரகும். இப்படிப்பட்ட நிலத்தில் மனிதர்கள்தான் செல்வம். சிறு பாளையக்காரருக்குப் பத்துக் குடும்பம் புதிதாகக் குடியேறினால் அது வருமானம்: தரிசு உழப்படும், கண்மாய்க் கரை உயரும், காவல் பணம் கூடும். தஞ்சை மன்னருக்கு இன்னொரு குடியிருப்பு பெரிதில்லை. பொட்டல் காட்டுப் பாளையக்காரருக்கு அது பெரிது. ஆகவே ஒரு கோயிலையும் அதைச் சுற்றி வந்து சேரும் மக்களையும் அனுமதிப்பதில் அவருக்கும் ஆதாயம் இருந்தது. தாராள மனம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டால், அந்த மனிதரின் கூர்மையை நாம் குறைத்து மதிப்பிட்டவர்களாவோம்.

*

இதற்கு எதிராக வைக்கக்கூடிய மறுப்புகளில் மூன்று கனமானவை.

முதலாவது: இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஏன் சொல்ல வேண்டும்? எங்கே நிலம் கிடைத்ததோ அங்கே கட்டினார்கள். பிறகு வந்தவர்கள் அதற்குக் காரணம் கற்பிக்கிறோம். இந்த மறுப்பில் நியாயம் உண்டு. வரலாற்றில் பாதி, கிடைத்ததை வைத்துச் சமாளித்த கதைதான். ஆனால் ‘கிடைத்தது’ என்ற சொல்லுக்குள்ளேயே கேள்வி ஒளிந்திருக்கிறது. ஓரியூருக்குப் பிறகு சேதுநாட்டில் ஏன் கிடைக்கவில்லை? தஞ்சையில் இருந்ததுகூட ஏன் பறிபோனது? நான்கு ஆட்சிகள் உரசிக்கொள்ளும் ஓரத்தில் மட்டும் ஏன் கிடைத்தது? ஒரு பெரிய அரசின் முழுப்பிடி விழாத இடத்தில்தான் சிறிய தலைவர் தன் விருப்பப்படி நிலம் கொடுக்க முடியும். நிலம் கிடைத்ததே எல்லை என்பதால்தான் என்று ஆகும்போது, தற்செயல் என்ற மறுப்பு என் வாதத்துக்கே சான்றாகத் திரும்பிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடுமையானது. திருச்சியிலும்தான் கிறித்தவர்கள் இருந்தார்கள். நொபிலி காலத்திலேயே அங்கே பணி தொடங்கிவிட்டது. தலைநகரம் அவ்வளவு ஆபத்து என்றால் அந்தச் சபை எப்படித் தாங்கியது? தாங்கியது உண்மை. ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் நகரத்து மக்கள்: படைவீரர்கள், தொழிலாளிகள், ஊழியக்காரர்கள். தலைநகரம் விழுந்தாலும் எழுந்தாலும் அவர்கள் பிழைப்பு அங்கேதான். அவர்களோடு இருக்க ஒரு கோயில் வேண்டும். ஆவூருக்குத் தேவைப்பட்டது அதுவன்று. பல நாள் நடை தூரத்தில் சிதறிக் கிடந்த ஊர்களிலிருந்து மக்கள் திருவிழாவுக்குக் கூடவும், ஒடுக்குமுறை நேரத்தில் ஒதுங்கவும், துறவிகள் ஓய்ந்து உட்கார்ந்து தமிழ் படிக்கவும் ஓர் இடம். காவலர் கேள்வி கேட்கும் கோட்டை வாசலில் அப்படி ஒரு கூட்டத்தைக் கூட்ட முடியாது. இரண்டும் இரண்டு வேலை. ஒன்று தாங்கியது மற்றொன்றைத் தேவையற்றதாக்காது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். எல்லை என்பது பாதுகாப்பா? போர் வந்தால் முதலில் மிதிபடுவது எல்லையோர ஊர்தானே? ஆம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இந்த வட்டாரம் பட்ட பாட்டை மறைக்கவே முடியாது. 1741-இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்து, அப்போது அதைக் கையில் வைத்திருந்த சந்தா சாகிபைச் சிறைகொண்டு போனார்கள். 1743-இல் நிஜாம் வந்து மராட்டியரிடமிருந்து அதை எடுத்துக்கொண்டார். 1751-இலிருந்து 1754 வரை திருச்சியைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்ப் படை, மராட்டியக் குதிரைகள் எனப் பாசறை மேல் பாசறை. கோட்டைக்குள் இருந்த நவாப் முகமது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் தானியம் போனது தொண்டைமான் சீமையிலிருந்து. அதற்குப் பழிதீர்க்க 1754-இல் பிரெஞ்சு, மைசூர்ப் படைகள் தொண்டைமான் சீமைக்குள் புகுந்து சூறையாடின. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருந்தவர்கள் அந்த ஆண்டுகளில் எத்தனை இரவு தூங்கியிருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

ஆனால் மிதிபடுவதும் அழிவதும் ஒன்றல்ல. கோட்டை முற்றுகையில் சிக்கினால் உள்ளே இருப்பவர் வெளியேற வழியில்லை. பஞ்சம் உள்ளேயே அடைந்து கொல்லும். திறந்த வெளியில் இருக்கும் ஊர், படை வரும் சேதி கேட்டதும் மூட்டை கட்டும். காட்டுக்குள்ளோ அடுத்த பாளையத்துக்கோ நகரும். படை போனதும் திரும்பி வந்து கூரை வேயும். எல்லை ஊர் கொடுக்கும் பாதுகாப்பு மதிலின் பாதுகாப்பைப் போன்றதல்ல. அது திரும்பி வர முடிகிற வசதி. ஆவூர் மறுபடி மறுபடி பயன்படுத்தியது அதைத்தான்.

*

இன்றைய பயணிக்கு இதில் என்ன இருக்கிறது? புதுக்கோட்டையைப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. திருக்கோகர்ணத்தில் குடைவரைக் கோயில், 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகம், இப்போது ஆட்சியர் அலுவலகமாக இருக்கும் புதிய அரண்மனை, பிறகு சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம். அத்தனையும் பார்க்க வேண்டியவை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை ஆட்சி செய்தவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் எழுப்பியவை, அல்லது அவர்கள் பெயரோடு கல்வெட்டில் நிற்பவை. பல்லவர், முத்தரையர், இருக்குவேளிர், சோழர், பாண்டியர், சேதுபதி, தொண்டைமான் என்று ஆட்சி மாறும் கதையை அவை சொல்லும். ஆட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும்போது, அவற்றுக்கு நடுவே ஆட்சியில் இல்லாதவர்கள் எப்படி இடம் பிடித்தார்கள் என்ற கதையைச் சொல்ல ஆவூரைப்போல ஓர் ஊர் வேண்டும்.

ஆகவே பாதையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் மங்கம்மாள் பெயரால் அழைக்கப்படும் கொலுமண்டபம் இன்றும் இருக்கிறது. அரசு அருங்காட்சியகம் அதற்குள் இயங்குகிறது. அந்தப் பூகோள உருண்டை கைமாறிய உலகம் இந்த மண்டபத்தின் காலத்து உலகம். அங்கே தொடங்கி, புதுக்கோட்டைச் சாலையில் மாத்தூர்ப் பக்கம் வந்து, நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி ஆவூருக்குப் போய், அதற்குப் பிறகு புதுக்கோட்டைக்குள் நுழைந்தால், இரண்டு தலைநகரங்களுக்கு நடுவில் இருந்த வெளி கண்ணுக்குத் தெரியும். புதுக்கோட்டையைவிடத் திருச்சிக்கே நெருக்கமான இந்த ஊர் எப்படிப் புதுக்கோட்டைச் சீமையோடு சேர்ந்தது என்ற கேள்வி அந்தப் பயணத்தில் தானாக எழும். குளத்தூரில் தொண்டைமான் குடும்பத்தின் ஒரு கிளை தனியாக ஆண்டுவந்ததும், 1750-இல் அந்தப் பாளையம் புதுக்கோட்டையோடு இணைந்ததும் அந்த விடையின் ஒரு பகுதி. 1948 மார்ச்சில் சமஸ்தானமே இந்தியாவோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனதும், 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அந்த எல்லைக்கோடு பிறகு கண்ட திருப்பங்கள்.

ஆவூரில் நின்றால் நினைவுக்கு வரவேண்டிய இன்னொருவர் உண்டு. இத்தாலியில் 1680-இல் பிறந்து, 1710-இல் இந்தியக் கரையில் இறங்கிய கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. தமிழுக்கு அவர் வீரமாமுனிவர். தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், 1732-இல் தொகுத்த சதுரகராதி என்று அவர் விட்டுச்சென்ற செல்வம் தனி அத்தியாயம் கேட்கும். அகராதியை நிகண்டுச் செய்யுளிலிருந்து விடுவித்து எழுத்து வரிசைக்குக் கொண்டுவந்தவர் காவிரிக்கரைச் சிற்றூர்களிலும் ஆவூர்ப் பொட்டலிலும் நடந்து திரிந்த மனிதர் என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. சந்தா சாகிபிடம் அவர் திவானாக இருந்தார் என்று ஒரு கதை பிற்காலத்தில் பரவியது. ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. அந்தக் கதை பிறந்ததற்குக் காரணம், பெரிய மனிதர் என்றால் அரசவையில் ஒரு பதவி இருந்தாக வேண்டும் என்ற நம் பழக்கம். அரசவைக்கு வெளியே இருந்தே இத்தனையும் செய்திருக்க முடியும் என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

*

வீரமாமுனிவர் 1747-இல் மறைந்தார். அதே 1747-இல்தான் ஆவூரில் புதிய கோயில் எழுந்தது.

இந்த ஆண்டைச் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். அதற்கு ஆறு ஆண்டு முன்பு மராட்டியர் திருச்சியைப் பிடித்திருக்கிறார்கள். நான்கு ஆண்டு முன்பு நிஜாம் வந்து போயிருக்கிறார். முந்தைய ஆண்டு, 1746-இல், பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றிவிட்டார்கள். அடையாற்றங்கரையில் சிறிய ஐரோப்பியப் படை ஒன்று ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை விரட்டியடித்த சேதி ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு ஆண்டில் ஆம்பூர்க் களத்தில் நவாப் அன்வருதீன் விழப்போகிறார். நான்கு ஆண்டில் திருச்சி முற்றுகை தொடங்கப்போகிறது. புயலுக்கு நடுவில் காற்று ஓய்ந்த சிறிய இடைவெளி அது. ஓய்ந்திருக்கிறது என்பதுகூட அன்று வாழ்ந்தவர்களுக்குத் தெரியாது.

மதில் உள்ளவர்கள் மதிலைப் பலப்படுத்திக்கொண்டிருந்த நேரம். மூட்டை கட்டி ஓடவும் திரும்பி வரவும் பழகிய ஓர் ஊர், எளிதில் தூக்கிக்கொண்டு ஓட முடியாத ஒன்றை அப்போது கட்டியது. இத்தனை காலம் நகர முடிகிற வசதியையே பலமாகக் கொண்டிருந்தவர்கள், இனி இங்கிருந்து நகரமாட்டோம் என்று ஏன் முடிவெடுத்தார்கள்? புதுக்கோட்டைத் தொண்டைமானின் கை அந்தப் பக்கம் நீண்டுகொண்டிருந்ததை அவர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்களா, அல்லது ஓடி ஓடிச் சலித்துப்போனார்களா?

(தொடரும்)